மாமல்லைப் பாறையில் இரண்டு நோன்புகள்

திருச்சிற்றம்பலம்.

வேதங்களே மலையாகி நிற்கும் திருக்கழுக்குன்றத்தில், வேதகிரீசுவரப் பெருமானின் சித்திரைப் பெருவிழாவில், 'நோன்பும் உடம்பும்' என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்துள்ளனர். நோன்பின் பெருமையை மட்டும் எடுத்துரைத்து அமர்ந்துவிடலாம். கேட்பதற்கும் இனிமையாக இருக்கும். ஆயினும் நமக்கு ஒரு கடன் இருக்கின்றது. அதை முதலில் சொல்லிவிடுகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் இம்மலைப்படிகளில் ஏறிக்கொண்டிருந்தபோது, இருபது வயது மதிக்கத்தக்க பெண்ணொருத்தி கண் இருண்டு படியிலேயே சாய்ந்துவிட்டாள். தாங்கிப் பிடித்து நிழலில் அமர்த்திய தாயாரை, "குழந்தை காலையில் என்ன உண்டாள்?" என்று கேட்டோம். "இன்று விரதம் சுவாமி, வாரத்தில் நான்கு நாள் விரதந்தான், மற்ற நாளிலும் ஒரு வேளைதான் உண்பாள்" என்று அந்த அம்மையார் பெருமையோடு கூறினார். நாமும், "இளம் வயதில் இத்துணைப் பக்தியா! நன்று, நன்று" என்று வாழ்த்தினோம். தாயார் தண்ணீர் கொண்டுவரச் சென்ற இடைவெளியில் அப்பெண் தலை கவிழ்ந்தவாறு, "பக்தி இல்லை ஐயா. ஆவணியில் கல்யாணம், அதற்குள் உடம்பு இளைக்க வேண்டும். விரதம் என்று சொன்னால் வீட்டில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை" என்றாள். நாம் வாயடைத்து நின்றோம். தாயார் வந்துவிட்டார், இருவரும் மெல்ல இறங்கிப் போய்விட்டனர். வாழ்த்தியதைத் திரும்பப் பெறவும் நமக்கு வாய்ப்பில்லாமற் போயிற்று. அன்று சொல்லத் தவறியதையே இன்று உங்கள் முன் சொல்லுகின்றோம். ஊரும் பேரும் வேண்டா. இத்தகைய பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கின்றனர்.

இங்கிருந்து கிழக்கே ஏறக்குறைய 15 கிலோமீட்டர் சென்றால் மாமல்லபுரம். அங்கே ஏழாம் நூற்றாண்டில் பல்லவர் காலத்துச் சிற்பிகள் நூறடி அளவு நீளமுள்ள பாறையில் அமைத்த பெருஞ்சிற்பத்தை நீங்கள் கண்டிருப்பீர்கள். அருச்சுனன் தவம் என்பார் சிலர். பகீரதன் தவம் என்பார் சிலர். யாவர் தவமாயினும் ஆகுக. ஒற்றைக் காலூன்றி, இரு கைகளையும் தலைக்குமேல் உயர்த்தி, விலா எலும்பு தெரிய வாடி நிற்கின்றான் தவசி. அவன் எதிரே பூதகணங்கள் சூழ நின்று, வரமருளும் கையோடு காட்சி தருகின்றார் சிவபெருமான்.

அதே பாறையில் சற்றுக் கீழே யானைகளின் அருகில் பாருங்கள். பூனையொன்று பின்னங்காலில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்குமேல் உயர்த்தித் தவம் செய்கின்றது. அதனைச் சூழ எலிகள். பாரதத்தின் உத்தியோக பருவத்தில் வரும் பொய்த்தவப் பூனையின் கதை இதுவென்று அறிஞர் கூறுவர். கங்கைக் கரையில் தவக்கோலம் பூண்ட பூனையை எலிகள் நம்பி அடைக்கலம் புகுந்தன. நாள்தோறும் எலிகள் குறைந்தன. பூனையோ நாள்தோறும் கொழுத்தது. விரதம் பூண்டவர் உடல் எவ்வாறு பெருக்கின்றது என்று எலிகள் ஐயுற்ற பின்னரே உண்மை வெளிப்பட்டது.

அன்பர்களே! மேலே நிற்கும் தவசி மெலிந்தான். ஆனால் மெலிவு அவன் கேட்ட வரம் அன்று. அவன் நாட்டம் எதிரே நின்ற பெருமான்மேல் இருந்தது. உடல் வாடியதை அவன் அறிந்தானோ, அறியானோ! கீழே நிற்கும் பூனையின் நாட்டமோ முழுவதும் உணவின்மேல். உணவை நினைந்துகொண்டே செய்யும் நோன்பு முடிவில் உடலைப் பெருக்கவே செய்யும் என்பது வெறுங்கதை அன்று. இக்கால மருத்துவமும் ஏறக்குறைய அதனையே கூறுகின்றது.

அமெரிக்க நாட்டு மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீசு என்னும் அறிஞர் 1944, 1945 ஆம் ஆண்டுகளில் ஓர் ஆய்வு நடத்தினார். போரால் பட்டினியுற்ற மக்களை மீட்கும் வழி காண்பதே அதன் நோக்கம். உடல்நலம் மிக்க இளைஞர் 36 பேர் தாமாகவே முன்வந்தனர். 24 வாரங்கள் அவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரி 1,570 கலோரி அளவே உணவு தரப்பட்டது. உடல் எடையில் ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது உண்மை. ஆனால் நாடித் துடிப்பு தளர்ந்தது, கோடையிலும் குளிர்ந்து நடுங்கினர், நண்பரோடு பேச்சுக் குறைந்தது, மனச்சோர்வு மிகுந்தது. விழித்தாலும் உறங்கினாலும் சோற்றின் நினைவே. சமையல் நூல்களைச் சேர்த்துவைத்துப் படித்தவரும் உண்டு! கட்டுப்பாடு நீங்கியதும் எவ்வளவு உண்டும் அவர்களுக்கு நிறைவு உண்டாகவில்லை. முன்பிருந்ததைவிடக் கொழுப்பு மிகுதியாகச் சேர்ந்தது. 1950 இல் இவை நூலாக வெளிவந்தன.

காரணம் யாது? நம் உடம்பு பஞ்சத்தை நன்கு அறிந்த உடம்பு. உணவு வரவில்லையெனின், நாடு பஞ்சத்தில் வீழ்ந்தது என்று கருதிச் செலவைச் சுருக்கிக்கொள்ளும். கொழுப்போடு தசையையும் கரைத்து உண்ணும். பசியைத் தூண்டும் சுரப்புகளைப் பெருக்கும். பகலெல்லாம் பட்டினி கிடந்தவர் இரவில் இலை நிறைய உண்டு, மேலும் தின்பண்டம் தேடுவது மன உறுதி இன்மையால் மட்டும் அன்று. உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளும் முறையே அது.

1,570 கலோரி என்றோம். இந்த எண் நம் செங்கற்பட்டு மண்ணுக்குப் புதியது அன்று. மாமல்லபுரம் செல்லும்போது பக்கிங்காம் கால்வாயைக் கடக்கின்றோம் அல்லவா? அக்கால்வாயின் சென்னை நகரப் பகுதி 1877, 1878 இல், தாது வருடப் பஞ்சத்தின்போது, நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அப்பஞ்சத்தில் ரிச்சர்டு டெம்பிள் என்னும் ஆங்கில அதிகாரி, கூலியாளுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறிது காசும் போதும் என்று 1877 இல் படியைக் குறைத்தார். ஒரு ராத்தல் அரிசி ஏறக்குறைய 1,600 கலோரி தரும். அந்தப் படி உயிரைத் தாங்காது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிசு அப்போதே வாதிட்டார். ஒருவேளை உணவோடு நான்கு நாள் 'விரதம்' இருந்த அப்பெண் உட்கொண்டது இதனினும் குறைவாகவே இருந்திருக்கும். நம் முன்னோர் எந்தப் பசியிலிருந்து தப்பி நம்மைப் பெற்றனரோ, அந்தப் பசியை நம் பிள்ளை தானே வரவழைத்துக்கொள்ள, நாம் அதனைப் பக்தி என்று வாழ்த்திக்கொண்டிருக்கின்றோம்!

இன்னும் சில இடர்களையும் சொல்லவேண்டும். மிக விரைவாக எடையைக் குறைப்பவர்க்குப் பித்தப்பையில் கல் உண்டாதல் கூடும். நீரிழிவுக்கு இன்சுலினோ சிலவகை மாத்திரையோ கொள்ளும் பெரியோர் உணவை விட்டால், இரத்தத்தில் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து நினைவிழப்பர். உயிருக்கும் ஊறு நேரலாம். ஐப்பசியில் திருப்போரூர் முருகன் சந்நிதியில் கந்த சஷ்டி நோன்பு ஏற்போர் பலர். அவர்களுள் மருந்து உண்போர் முதலில் மருத்துவரைக் கேட்டுப் பின்னர்க் காப்புக் கட்டிக்கொள்வீராக. நோயாளர், முதியோர், சிறுவர், கருவுற்ற தாய்மார் ஆகியோர்க்கு நோன்பு விதியில் விலக்கு உண்டு. விலக்கை ஏற்பது பக்திக் குறைவு ஆகாது.

சிலர் மற்றொன்று கூறுவர்: "பட்டினி எல்லா நோயையும் போக்கும் என்று கண்டவருக்கு நோபல் பரிசே கொடுத்துவிட்டார்களே!" 2016 இல் அப்பரிசு பெற்ற யோசினோரி ஓசுமி என்னும் சப்பானிய அறிஞர், உயிரணு தன் பழுதான பகுதிகளைத் தானே செரித்துப் புதுப்பிக்கும் முறையை ஈசுட்டு என்னும் நுண்ணுயிரில் ஆராய்ந்தார். அரிய கண்டுபிடிப்பு, ஐயமில்லை. ஆனால் மனிதர் உணவை விட்டால் நோயெல்லாம் தீரும் என்று அவ்வாய்வு கூறவில்லை. குறித்த நேரத்திற்குள் மட்டும் உண்ணும் முறையை மருத்துவர் பலர் ஆய்ந்துள்ளனர். நாள் முழுவதும் உண்ணும் மொத்த அளவு ஒத்திருப்பின், நேரத்தைச் சுருக்கினும் அளவைச் சுருக்கினும் எடை ஏறத்தாழ ஒருபடியாகவே குறைகின்றது என்பதே பெரும்பாலும் கண்ட முடிவு. மாயம் பட்டினியில் இல்லை, அளவில் இருக்கின்றது.

அவ்வாறாயின் நோன்பு வேண்டாவோ? வேண்டும்! பூனையின் நோன்பையும் அடியார் நோன்பையும் பிரித்தறிதல் வேண்டும். அடியார் நோன்புக்கு நாள் உண்டு: மாசியில் சிவராத்திரி, கார்த்திகையில் சோமவாரம், திங்கள்தோறும் பிரதோடம். தொடக்கம் உண்டெனின் முடிவும் உண்டு. பாரணை செய்து உண்டாலன்றி நோன்பு நிறைவுறாது. முடிவே இல்லாது வாரம் முழுவதும் நீளும் பட்டினிக்குப் பாரணை ஏது? அடுத்து, அடியார் நோன்பில் ஒளிவு இல்லை. யாரிடமும் மறைக்க வேண்டிய பட்டினி இறைவனுக்குரியது ஆகாது. எல்லாவற்றினும் மேலாக, அடியார் நோன்பு பிறர் பசியை மறவாது. தாம் உண்ணாத ஒருவேளைச் சோறு மற்றொருவர் இலைக்குச் செல்லவேண்டும். பாரணைக்கு முன் பசித்தவர்க்கு ஊட்டிப் பின் உண்பது அதனாலேயே.

"காரைக்கால் அம்மையார் தசையை உதறி எலும்புருவம் கொண்டாரே" என்று கேட்கலாம். ஆம், அது பட்டினியால் வந்ததன்று, இறைவனை வேண்டிப் பெற்றது. அவர் வரலாறு தொடங்கும் இடத்தை நினைமின். பசித்து வந்த அடியார்க்குக் கறியமுது ஆகாத நிலையில், கணவன் அனுப்பிய மாங்கனியையும் சேர்த்து அன்னம் படைத்தாரே, அங்கே தொடங்குகின்றது. உடலையே வேண்டா என்ற அம்மையார் பிறர் பசியை வேண்டா என்று விடவில்லை. உடம்பை இறைவன் கோயில் கொண்ட இடமாகக் கண்டவர் நம் திருமூலர். கோயிலைத் தூய்மை செய்யலாம், இடித்தல் தகுமோ?

உடல் பருத்துத் துன்புறுவோரை நாம் எள்ளி நகையாடவில்லை. பருமனால் நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் வருதல் உண்மை. எடை குறைதலும் நன்றே. ஆயின் வழி எளியது. மூன்று வேளையும் உண்க; அளவாய் உண்க. சோற்றைச் சிறிது குறைத்து, அவ்விடத்தில் கீரையும் காயும் பருப்பும் கூட்டுக. எண்ணெய்ப் பலகாரத்தையும் சர்க்கரையையும் திருவிழா நாளுக்கு விடுக. நாள்தோறும் அரைமணிக்குக் குறையாமல் நடக்க. வாரத்திற்கு அரைக் கிலோ குறைந்தால் போதும். ஒரு கிலோவுக்கு மேல் விரைதல் வேண்டா.

இம்மலையின் கழுகுகளை உங்களிற் பெரியோர் கண்டிருப்பீர்கள். இரண்டு பறவைகள் உச்சிப்பொழுதை ஒட்டி வந்திறங்கும், அர்ச்சகர் அளித்த நெய்யும் சர்க்கரையும் கலந்த அன்னத்தைத் தமக்கு வேண்டிய அளவே கொத்தி உண்ணும், பறந்துவிடும். இருபதாம் நூற்றாண்டின் இறுதியோடு அவ்வருகை நின்றுபோயிற்று. பறவை மறைந்தாலும் அது காட்டிய முறை மறையலாகாது: குறித்த பொழுதில் வருக, அளவறிந்து உண்க, எழுந்து தம் கடமைக்குச் செல்க.

தாய்மார்களே! உங்கள் மகள் விரதம் என்று கூறினால் மகிழுங்கள், மகிழ்ந்தபின், "என்றைக்குப் பாரணை, அம்மா?" என்று ஒருமுறை கேளுங்கள். விடை சொல்ல அவள் தயங்கினால் சினவாதீர்கள். அருகில் அமர்த்தி, ஒரு பிடி சோற்றைப் பிசைந்து ஊட்டி, அவள் மனத்தில் உள்ளதைக் கேளுங்கள். திருமணத்திற்கு இளைக்கவேண்டும் என்ற எண்ணத்தை அவளுக்கு ஊட்டியது நம் வாய்ச்சொல்லாகவும் இருக்கலாம். அன்று மலைப்படியில் நாம் முதலில் கேட்டிருக்கவேண்டிய கேள்வி இது, கேளாமல் வாழ்த்திவிட்டோம். அப்பிழையைப் பெருமான் பொறுத்தருள்க. அப்பெண் எங்கிருந்தாலும் நிறைவாக உண்டு நெடிது வாழ்க.

அன்னம் பாலிக்கும் வேதகிரீசுவரப் பெருமானும் திரிபுரசுந்தரி அம்மையும் அனைவர்க்கும் நல்லுடலும் நல்லுணவும் அருள்வார்களாக என வேண்டி, இவ்வளவில் அமைகின்றோம்.

திருச்சிற்றம்பலம்.