சூடேறும் குழாயும் சுமக்கும் வில்லும்



பிரிக்பீல்ட்ஸ் செங்கற்சூளையால் பெயர் பெற்றது, இரயிலால் வளர்ந்தது. இரயில்வேயில் உழைத்த நம் முன்னோர், வண்டியின் அச்சுக்கு மேல் அடுக்கடுக்காய் வளைந்து பாரம் தாங்கிய எஃகுப் பட்டைகளை நன்கறிவர். அதனையும் வில் என்றழைக்கத் தமிழுக்குத் தயக்கமில்லை. அம்பெய்யும் வில்லைப் போலவே அதுவும் வளைந்து ஆற்றலைச் சேமிப்பது. இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் அவ்வில்லின் சுருண்ட வடிவம்: ஆலைகளில் குழாய்களைத் தாங்கும் சுருள்வில் தொங்கி. வேலைத்தளத்தில் 'ஸ்பிரிங் ஹேங்கர்' என்றால்தான் தெரியும்.

குழாயைத் தொங்கவிட ஓர் இரும்புக் கம்பி போதாதா? போதாது. கிள்ளானை அடுத்த காப்பாரில் நிலக்கரி எரித்து மின்சாரம் ஆக்கும் பெரிய நிலையம் ஒன்று இருப்பதை நாம் அறிவோம். அவ்வகை நிலையங்களில் கொதிகலனிலிருந்து சுழலிக்குச் செல்லும் நீராவி ஏறத்தாழ 540 பாகை செல்சியசு வெப்பமுடையது. அவ்வளவு சூடேறும் எஃகுக் குழாய் மீட்டருக்குச் சுமார் 7 மில்லிமீட்டர் நீளும். செங்குத்தாக நிற்கும் 20 மீட்டர்க் குழாயின் ஒரு முனை ஏறக்குறைய 140 மில்லிமீட்டர் நகரும். ஒரு சாண் அளவில் பெரும்பகுதி அது. குழாய் மேலெழுந்தால் கம்பி தளர்ந்து, அது சுமந்த பாரம் அண்டைத் தாங்கிகளின் மேலும் சுழலியின் வாயின் மேலும் விழும். கீழிறங்க முயன்றால் கம்பி விடாது; குழாய் வளைந்து தகைவு ஏறும்.

சுருள்வில் குழாயோடு சேர்ந்து நகரும், நகரும்போதும் தாங்கும். 1678இல் இராபர்ட் ஊக் வெளியிட்ட விதிப்படி, வில்லின் விசை அதன் நீட்சிக்கோ அமுக்கத்துக்கோ நேர்விகிதத்தில் மாறும். ஓர் எடுத்துக்காட்டு: குழாய் சூடாக இயங்கும்போது ஓரிடத்தில் தாங்கவேண்டிய சுமை 10,000 நியூட்டன். அவ்விடம் 12 மில்லிமீட்டர் மேலெழும். வில்லின் மாறிலி மில்லிமீட்டருக்கு 100 நியூட்டன். குழாய் எழும்போது வில் 1,200 நியூட்டன் தளரும். ஆதலால் குளிர்ந்த நிலையில் அதனை 11,200 நியூட்டனுக்கு அமுக்கி வைக்கவேண்டும். மாற்றம் 12 விழுக்காடு. நடைமுறையில் 25 விழுக்காடு வரை ஏற்பர். நகர்வு 140 மில்லிமீட்டரானால் இதே வில்லில் மாற்றம் சுமையையே விஞ்சிவிடும். அங்கே நெம்புகோலால் வில்லின் மாற்றத்தை ஈடுசெய்து, ஒரே சுமையைத் தரும் நிலைச்சுமைத் தொங்கி தேவை. அதன் விலையும் பருமனும் கூடுதல் என்பதால் எல்லா இடத்திலும் வைப்பதில்லை.

இங்கே ஒரு சொல்லைப் பற்றி: சூடான நிலையின் சுமையை 'வெப்பநிலைச் சுமை' என எழுதுவோர் உளர். வெப்பநிலை என்பது பாகையால் அளக்கப்படுவதற்கே உரிய சொல்லாகிவிட்டது. குளிர்ச்சுமை, சூட்டுச்சுமை என்பனவே மாணவரைக் குழப்பா.

தேர்வு எப்படி நடைபெறுகிறது? முதற்கணக்கில், தொங்கி வரும் இடங்களை அசையாத் தாங்கிகளாகக் கொண்டு எடையை மட்டும் பகிர்ந்து பார்ப்பர், கிடைப்பது சூட்டுச்சுமை. இரண்டாம் கணக்கில் அத்தாங்கிகளை நீக்கி, அச்சுமையை மேல்நோக்கிய விசையாக இட்டுச் சூடேற்றுவர், கிடைப்பது நகர்வு. இவ்விரண்டையும் கொண்டு அட்டவணையில் வில்லைத் தெரிந்தெடுத்து, அதன் குளிர்ச்சுமையோடு எல்லாச் சுமைநிலைகளையும் மீண்டும் கணிப்பர்.

'சுமைநிலை' என்பதே நாம் அழுத்திக் கூற விரும்பும் சொல். எடை ஒன்று, எடையும் உள்ளழுத்தமும் ஒன்று, அவற்றோடு வெப்பமும் சேர்ந்த இயங்குநிலை ஒன்று, நீர் நிரப்பிச் சோதிக்கும் நிலை வேறு, காற்று, நிலநடுக்கம் வேறு. ஒன்றை மறந்தால் என்னாகும்? 1974 சூன் 1 அன்று இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோ வேதியாலையில் 28 பேர் உயிரிழந்தனர். ஆறு கலன்களில் ஐந்தாவது விரிசலுற்று அகற்றப்பட, நான்காவதையும் ஆறாவதையும் 20 அங்குலக் குழாயால் இணைத்திருந்தனர். மட்ட வேறுபாட்டால் குழாய் இருமுறை வளைந்தது. இரு முனைகளிலும் துருத்தி இணைப்புகள். அதன் வரைபடம் பட்டறைத் தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்ததுதான். குழாயைக் கீழிருந்து சாரம் தாங்கியது. எடைக்கு அது போதும். ஆனால் துருத்திகளுக்குள் இருந்த அழுத்தம் இரு முனைகளிலும் முப்பது டன்னுக்கு மேல் தள்ளி, வளைந்த குழாயைத் திருக முனைந்தது. அவ்விசையை எவரும் கணக்கிடவில்லை என்பது விசாரணையில் வெளிப்பட்டது. இது வில்தொங்கியின் கதையன்று. ஆயினும் தாங்கி பற்றிக் கற்பிப்போர் தவறாது சொல்லவேண்டிய கதை.

மீண்டும் தொங்கிக்கு வருவோம். நீராவிக் குழாயில் சோதனைக்கு நீர் நிரப்பினால் பாரம் மிகும். வில் அதற்கென அமைந்ததன்று. ஆதலின் தொங்கி ஆலைக்கு வரும்போதே குளிர்ச்சுமை நிலையில் பூட்டூசியால் பூட்டப்பட்டிருக்கும். சோதனை முடிந்து, நீரை வடித்து, வெப்பக்காப்பும் போர்த்திய பின், இயக்குவதற்கு முன் ஊசியை உருவவேண்டும். மறந்தால் அத்தொங்கி வெறும் இரும்புக் கம்பியே. கணக்கெல்லாம் தாளில் இருக்கும். உருவும்போது ஊசி இலகுவாக வந்தால் சுமை கணக்கோடு ஒத்திருக்கிறது. இறுகிக்கொண்டால் சம்மட்டியை எடுக்கலாகாது. கம்பியின் நீளத்தைத் திருகிச் சரிசெய்து, ஊசி தளர்ந்த பின்னரே உருவவேண்டும்.

இவ்வேலையைச் செய்பவர் பொறியாளர் அல்லர். தொழிற்கல்லூரி முடித்த இளைஞர். நம் தமிழ்ப்பள்ளிகளிலிருந்து செல்வோரும் அவர்களுள் உளர். தொங்கியின் பக்கவாட்டில் ஒரு சுட்டுமுள்ளும், குளிர், சூடு என்னும் இரு குறிகளும் இருக்கும். ஆலை இயங்கத் தொடங்கியதும் முள் முதற்குறியிலிருந்து இரண்டாவதற்கு நகர்ந்ததா என்று ஒவ்வொரு தொங்கியாக நடந்து பார்த்துக் குறித்துக்கொள்வது அவர் பணி.