ஒரு பைசாவும் ஒரு பிடி அரிசியும்

(பண்டிதர் அயோத்திதாசர் நினைவுரை)



வழக்கமாக இந்த மேடையில் இலக்கியம் பேசுவோம், வரலாறு பேசுவோம். இன்று அரிசி, பருப்பு, எண்ணெய் பற்றிப் பேசப்போகிறோம். பண்டிதர் நினைவு நாளில் இதென்ன மளிகைக்கடைப் பேச்சு என்று பின்வரிசைத் தோழர்களுக்குத் தோன்றலாம். 1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து பண்டிதர் தொடங்கிய வார இதழின் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. விலையையே பெயராக வைத்தார். மறு ஆண்டு அது 'தமிழன்' ஆனது. கோலார் தங்கவயலிலும் ரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் உழைத்துக்கொண்டிருந்த நம் மக்கள் அதை வாங்கிப் படித்தார்கள். காசில்லாதவர்களின் காசில் நடந்த பத்திரிகை, 1914 மே 5 அன்று அவர் மறையும்வரை யாருக்கும் பயப்படாமல் எழுதியது. அதே கணக்கைத்தான் சோற்றிலும் போட்டுப் பார்க்க விரும்புகிறோம்.

பண்டிதர் திரும்பத் திரும்பப் போய் நின்ற இடம் தமிழ்ப் பௌத்தம். அதன் பெருங்காப்பியமான மணிமேகலையில் பாதிக் கதை ஒரு பிச்சைப் பாத்திரத்தின் கதை. அமுதசுரபி அள்ள அள்ளக் குறையாது என்பதை எல்லோரும் சொல்வார்கள். அதில் முதலில் யாரோ ஒருவர் சோறு இடவேண்டியிருந்தது என்பதைச் சொல்ல மறந்துவிடுவார்கள். ஆதிரை இட்டாள். யானைத்தீ என்னும் பசிநோயால் வாடிய காயசண்டிகை முதலில் உண்டாள். பிறகு அந்தப் பாத்திரம் சிறைக்குள் போனது, சிறைக்கோட்டமே அறக்கோட்டம் ஆனது. முதற்பிச்சை கற்புடைய பெண்ணிடம் பெறவேண்டும் என்று காப்பியம் சொல்வதோடு மட்டும் எங்களுக்குச் சண்டை உண்டு. எங்கள் தெருவில் முதல் பிடியைப் போடுவது பெரும்பாலும் புருஷன் விட்டுப்போன பெண்கள்தான்.

எங்கள் காலனியில் இது 2020 ஊரடங்கில் தொடங்கியது. பெயர்ப்பலகை கிடையாது. சமுதாயக்கூடத்தில் இரண்டு பிளாஸ்டிக் டிரம், ஒரு தகர டப்பா, ஒரு நோட்டு. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைப்பது நம் அம்மாக்களுக்குத் தெரிந்த பழக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கல்லூரிப் பிள்ளைகள் வீடு வீடாகப் போய் வாங்கி வருவார்கள். அரிசி கொடுக்க முடியாத வீடு பத்து ரூபாய் கொடுக்கும். அதுவும் இல்லையென்றால் ஒரு கை புளி. அதையும் நோட்டில் எழுதுவோம்.

"ரேஷனில்தான் அரிசி சும்மா கொடுக்கிறார்களே, உங்களுக்கு எதற்கு உணவு வங்கி?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 2011 முதல் அரிசி அட்டைக்கு விலையில்லா அரிசி கிடைக்கிறது. அது போராடிக் காக்கவேண்டிய உரிமை. எங்கள் டிரம் அதற்கு மாற்று கிடையாது. ஆனால் அட்டையில் பெயர் இருப்பவருக்குத்தானே அரிசி? புருஷனைப் பிரிந்து அம்மா வீட்டுக்கு வந்த பெண்ணின் பெயர் இன்னும் அவன் அட்டையில் இருக்கிறது. செங்கல் சூளையில் ஆறு மாதம் கிடக்கும் குடும்பத்தின் அட்டை ஊரில் அடமானத்தில் இருக்கிறது. இருளர் குடியிருப்பில் சாதிச் சான்றும் இல்லை, முகவரிச் சான்றும் இல்லை. வயதான ஆயாவுக்குக் கைரேகை தேய்ந்துபோய்விட்டது, மெஷின் எடுக்க மாட்டேன் என்கிறது. நூறு நாள் வேலைக் கூலி வரத் தாமதமாகும் வாரங்களில் அரிசி இருந்தும் குழம்பு வைக்க எண்ணெய் இருக்காது. அதனால் இப்போது நாங்கள் அரிசியைவிடப் பருப்பும் எண்ணெயும் அதிகம் சேர்க்கிறோம். கூடவே, அட்டைக்கு மனு எழுதித்தர ஒரு மாணவர் நோட்டோடு உட்கார்கிறார். மனு எழுதாத உணவு வங்கி பாதி வேலைதான் செய்கிறது என்பது எங்கள் கட்சி.

யாருக்குக் கொடுப்பது என்று யார் முடிவு செய்வது? தெலங்கானாவின் ஜஹீராபாத் பகுதிப் பெண்களிடம்தான் இதை நாங்கள் கற்றோம். அங்கே தக்காண வளர்ச்சிக் கழகத்தின் சங்கங்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் தலித் பெண்கள். ஊரில் தரிசாகக் கிடந்த நிலங்களை உழுது விதைக்கச் சங்கம் முன்பணம் கொடுத்தது. வாங்கியவர்கள் பணத்துக்குப் பதில் சோளமாகத் திருப்பிக் கொடுத்தார்கள். அதை வேப்பிலையும் சாம்பலும் போட்டு ஊரிலேயே சேமித்தார்கள். வேலையில்லாத மாதங்களில் மிக ஏழைகளுக்குக் குறைந்த விலைக்குக் கொடுத்தார்கள். யார் மிக ஏழை என்பதை எந்த அதிகாரியும் எழுதவில்லை. ஊர்க்காரர்களே கூடி உட்கார்ந்து, வீடு வீடாகப் பேசிப் பட்டியல் போட்டார்கள். காலமெல்லாம் அடுத்தவர் களத்தில் படிக்கூலிக்குக் கையேந்தியவர்கள் கையில் குதிரின் சாவி வந்தது. எங்கள் நோட்டிலும் பெயரைச் சேர்ப்பதும் எடுப்பதும் வாங்குகிறவர்கள் இருக்கும் கூட்டத்தில்தான்.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? சோறு கொடுக்கும் இடத்தில் சாதி எப்படி நிற்கும் என்று நமக்குத் தெரியும். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை அடித்தபோது, நாகப்பட்டினம் கடற்கரையில் தலித் குடும்பங்கள் முகாம்களிலும் நிவாரணப் பங்கீட்டிலும் ஒதுக்கப்பட்டதை உண்மை அறியும் குழுக்கள் பதிவு செய்தன. அதே ஆண்டு ஏப்ரலில்தான் உச்ச நீதிமன்றம், பள்ளி மதிய உணவுச் சமையலர் பணியில் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தரவேண்டும் என்று ஆணையிட்டிருந்தது. பதினான்கு ஆண்டு கழித்து, 2018இல், திருப்பூர் மாவட்டத்து அரசுப் பள்ளி ஒன்றில் நம் சகோதரி சமைக்கக்கூடாது என்று ஊர் திரண்டது. அரிசி அரசாங்கத்தினுடையது, கரண்டி பிடித்த கைதான் பிரச்சினை.

தன்னார்வலர்களாக வர விரும்பும் மாணவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1969 ஜனவரியில் அமெரிக்காவின் ஓக்லாந்தில், ஒரு தேவாலயத்தில், கருஞ்சிறுத்தைகள் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் காலை உணவு தொடங்கினார்கள். பக்கத்துக் கடைகளில் கேட்டு வாங்கிய முட்டை, பால், ரொட்டி. துப்பாக்கியோடு படம் எடுத்துக்கொண்ட இளைஞர்கள் விடியுமுன் எழுந்து தட்டு கழுவினார்கள். உளவுத்துறைத் தலைவர் ஹூவர் அந்தத் துப்பாக்கிகளைவிட அந்தத் தட்டுகளைக் கண்டு அதிகம் அஞ்சினார். 1972இல் பம்பாயில் நம் தோழர்கள் தலித் சிறுத்தைகள் என்று பெயர் வைத்துக்கொண்டது அவர்களைப் பார்த்துத்தான். பெயரோடு அந்தப் பாத்திரம் கழுவும் வேலையையும் நாம் எடுத்துக்கொண்டோமா என்று நாம் கேட்டுக்கொள்ளலாம். எங்களிடம் வருபவர்களுக்கு முதல் மாதம் டிரம் கழுவும் வேலைதான். வேலை முடிந்ததும் இங்கேயே சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும். "வீட்டில் போய்ச் சாப்பிட்டுக்கொள்கிறேன்" என்று நழுவுபவர் மூன்றாவது வாரம் வருவதில்லை.

ஒரு சங்கதியைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பேச்சு சுத்தமாக இருக்கும், உண்மையாக இருக்காது. ஒரு மழைக்காலத்தில், ஊர்த்தெருவில் இருக்கும் ஓர் அரிசி ஆலை முதலாளி ஐம்பது மூட்டை தருவதாகச் சொல்லி அனுப்பினார். நிபந்தனை இரண்டு. பேனர் வைக்கவேண்டும். ஆலை வாசலுக்கு நம் மக்கள் வரிசையில் வந்து வாங்கிக்கொள்ளவேண்டும். கூட்டம் இரவு பதினோரு மணிவரை நடந்தது. "மூட்டையை இங்கே கொண்டுவந்து இறக்கட்டும், நம்ம படியில் அளந்து போடுவோம்" என்று முடிவானது. அவர் அனுப்பவில்லை. மூன்று வாரம் டிரம் பாதிக்கு மேல் நிறையவில்லை. ஒரு படி வாங்கும் ஆயா அரைப் படி வாங்கிக்கொண்டு, "தம்பி, அந்த வாசல்ல நான் சின்னப் புள்ளையில நின்னிருக்கேன். நீங்க சொன்னது சரிதான். ஆனா ராத்திரிக்கு என்ன பண்றது, அதையும் சொல்லுங்க" என்றார்.

எங்கள் தோழர்களில் சிலர் இன்றும் அந்த முடிவு தவறு என்கிறார்கள். பசித்தவரின் வயிற்றில் நம் சுயமரியாதையை அளக்கக்கூடாது என்பது அவர்கள் வாதம். அதை நாங்கள் தட்டிக்கழிப்பதில்லை. அந்த வாதத்துக்கு எங்களிடம் ஒரே பதில்தான் உண்டு: டிரம் எந்த மழையிலும் நிறையவேண்டும். அதற்கு இன்னும் நிறைய வீடுகள் வேண்டும், வேலைக்குப் போய்விட்ட நம் பிள்ளைகளின் மாதம் நூறு ரூபாய் வேண்டும். ஒருவர் ஐயாயிரம் கொடுப்பதைவிட ஐம்பது பேர் நூறு கொடுப்பதைத்தான் கேட்கிறோம். ஐயாயிரம் கொடுப்பவர் ஒருநாள் பேனர் கேட்பார்.

வாசலில் புத்தக மேசைக்குப் பக்கத்தில் நோட்டு இருக்கிறது. பெயர், ஊர், எந்த ஞாயிறு வருவீர்கள் என்று எழுதுங்கள். மனு எழுதத் தெரிந்தவர்கள் அதையும் தனியாகக் குறிப்பிடுங்கள், அந்த ஆட்கள்தான் இப்போது குறைவு.