கால் வையாமலே பிடிக்கும் பிறேக்

(மன்றக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



சாரதி பிறேக்கிலே காலை வைக்கவில்லை. வண்டியோ தானாகப் பிறேக் பிடித்து ஒரு பக்கம் இழுக்கிறது. இது பேயின் வேலையுமன்று, சாரதியின் மயக்கமுமன்று. நம்மைக் காப்பதற்கென்று வைத்த சாதனமே பொய்ச் செய்தி கேட்டு ஏமாறுகிறது.

அச்சாதனத்தை ஈ.எஸ்.பி. என்பர். 1995 ஆம் ஆண்டிலே போஷ் நிறுவனமும் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனமும் சேர்ந்து இதனைக் காரிலே பொருத்தின. ஒவ்வொரு சில்லும் எவ்வளவு வேகமாய்ச் சுழல்கிறது, ஸ்ரியறிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது, வண்டி உண்மையில் எவ்வளவு திரும்புகிறது என்பவற்றை உணர்கருவிகள், அதாவது கராஜிலே சொல்லும் சென்சர்கள், கணினிக்கு அறிவிக்கும். சாரதி விரும்பும் வழியும் வண்டி போகும் வழியும் ஒவ்வாவிடில் வேண்டிய சில்லை மட்டும் கணினி பிடிக்கும். வளைவிலே பின்புறம் சறுக்கினால் வெளிப்பக்க முன்சில்லு. முன்புறம் திரும்ப மறுத்தால் உட்பக்கப் பின்சில்லு.

நிற்க. ஸ்ரியறிங் உணர்கருவி பொய் சொன்னால் என்னாகும்? அமெரிக்காவின் கோர்வெற் எனும் வேகக் காருக்கு இது நேர்ந்தது. 2005, 2006 மாதிரிக் கார்களில் ஸ்ரியறிங் தண்டை நீட்டியும் சுருக்கியும் வந்ததால் மின்னிணைப்புப் பழுதாகி, நேரே ஓடும் கார் ஒரு சில்லைப் பிடித்து விலகக்கூடும் என்று கண்டு, ஏறக்குறைய 40 ஆயிரம் கார்களை 2010 இல் திருத்தத்துக்காக அழைத்தனர்.

உருத்திரபுரத்திலே கோர்வெற் ஏது என்று பெரியவர்கள் சிரிக்கலாம். ஆனால் இங்கே ஓடும் யப்பான் கார்கள் பலவற்றிலும் இதே சாதனம் உண்டு. 2020 இல் நிறுத்திய கார் இறக்குமதி 2025 இலேதான் மீண்டது. ஆதலால் பழைய வண்டிகளையே பார்த்துப் பார்த்து ஓட்டுகிறோம்.

உணர்கருவி அடியோடு செத்தால் கணினி அறிந்துகொள்ளும். விளக்கை எரித்துச் சாதனத்தை நிறுத்திவிடும். சாகாமல் நம்பத்தக்க பொய் சொல்லும் கருவியே அபாயமானது. விளக்கு எரியவில்லை, ஆகவே பழுதில்லை என்று எந்த மெக்கானிக் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

முதலில் ரயர்களைப் பாருங்கள். இது காசில்லாத சோதனை. ஒரு சில்லில் மட்டும் வேறு அளவு ரயர் இருந்தால் அச்சில்லின் சுழற்சி மாறும். பிறகு சில்லருகே உள்ள உணர்கருவி. வயற்சேறும் கிரவல் தூசியும் அங்கே படியும்; அடியிலே கறள் பொங்கினால் கருவி தன் இடத்திலிருந்து உயரும், செய்தி மெலியும். நிற்கப்போகும் தறுவாயில் பிறேக் மிதி காலடியில் துடித்தால், பெரும்பாலும் இதுவே காரணம். சில்லு பூட்டிக்கொண்டது என்று நினைத்துக் கணினி பிறேக்கைத் தளர்த்துகிறது. முன்னே மாடு நின்றால் என்ன கதி! புதுப் பெயரிங் போட்ட பின் தொல்லை தொடங்கியதா? சிலவகைப் பெயரிங்குகளில் ஒரு பக்கத்தில் காந்த வளையமுண்டு. மாறிப் போட்டால் கருவிக்கு எதுவும் தெரியாது.

சில்லு நேர்பார்த்த பின் வந்த தொல்லையாயின், ஸ்ரியறிங்கின் நடுநிலையைக் கணினிக்கு மறுபடி கற்பிக்கவேண்டும். பற்றறி தளர்ந்திருந்தாலும் கருவிகள் உளறும்.

இவற்றால் தீராவிடின் ஸ்கானரைப் பூட்டி, ஏ9 வீதியின் நேரான பகுதியில் ஒருவர் ஓட்ட மற்றவர் எண்களைப் பார்க்கட்டும். நான்கு சில்லுகளும் ஏறக்குறைய ஒரே வேகம், ஸ்ரியறிங் பூச்சியத்தை ஒட்டி, திரும்பும் அளவும் அவ்வாறே. எது பிசகுகிறதோ அதைத் தொடருங்கள். குறி எண்ணைப் பார்த்தவுடன் விலைகொடுத்துப் பாகம் வாங்குவது காசை வாய்க்காலில் விடுவதே.

பியூஸைக் கழற்றிவிட்டால் நிம்மதி என்று சிலர் சொல்கிறார்கள். நான் உடன்படேன். பல வண்டிகளில் அத்துடன் சில்லுப் பூட்டைத் தடுக்கும் காப்பும், பின்பிறேக்கை அளந்து விடும் காப்பும் போய்விடும். மழைநாளில் பின்சில்லு பூட்டி வண்டி சுழலும். பல ஹைபிரிட் வண்டிகளிலோ பிறேக்கே கணினி வழி நடக்கிறது; அவற்றில் கைவைக்கவே கூடாது. திருத்தம் முடியும்வரை குடும்பத்தை ஏற்றாமல் வண்டியை நிறுத்தி வையுங்கள். திருத்திய பின் பழைய குறிகளை அழித்து, தொல்லை தந்த அதே வளைவிலே, பின்னால் வாகனம் வராத வேளையில், மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.