உப்புத் தண்ணிக்கு நாம கட்டுற வரி

(மேடவாக்கம் பகுதிக் கூட்டத்தில் தகவல் தொழில்நுட்ப அணித் தோழர் பேசியது)



வீட்டு வரி எவ்வளவுன்னு கேட்டா டக்குனு சொல்லிடுவோம். போர் தண்ணிக்குக் கட்டுற வரி? சுண்ணாம்பு படிஞ்ச ஹீட்டர் காயில், அடைச்சுக்கிட்ட ஷவர், நுரையே வராம கரையுற சோப்பு, தேங்காய் நார் மாதிரி ஆன தலைமுடி... அதுக்கு மேல கேன் தண்ணிக் காசு. ரசீது இல்லாத வரி இது!

கொதிக்க வெச்சா சரியாயிடும்னு சொல்றாங்க. பைகார்பனேட்டால வர்ற கடினம் மட்டும்தான் போகும். அதுவும் பாத்திரத்துலயே வெள்ளையா படியும். சல்பேட், குளோரைடு உப்பெல்லாம் அப்படியே இருக்கும். அபார்ட்மென்ட்ல சாஃப்ட்னர் வெச்சிருக்கோம்பாங்க. அதைக் கழுவுறதே உப்புத் தண்ணியாலதான். அந்தக் கழிவை மண்ணுல விட்டா யார் வீட்டு போருக்குப் போகும்?

இந்தியத் தர அளவுப்படி குடிநீர்ல கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேற தண்ணியே இல்லாத இடத்துக்கு மட்டும் 600 வரை விலக்கு. அந்த விலக்கையே புறநகருக்கு விதியா எழுதிடாதீங்கன்னுதான் கேக்குறோம். நெம்மேலியில 2013-லேர்ந்து கடல்நீரைக் குடிநீராக்குறாங்க. குழாய் எல்லாத் தெருவுக்கும் எப்போ வரும்?

ஞாயிறு காலைல நம்ம பசங்க வீடு வீடா வருவாங்க. சுத்தமான பாட்டில்ல ஒரு லிட்டர் போர் தண்ணி குடுங்க, தெருப் பேரை எழுதி. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துல கட்டணம் கட்டிப் பரிசோதிப்போம். முடிவைத் தெரு வாரியா நம்ம பக்கத்துல போடுவோம். அடுத்த கிராம சபையில அந்தத் தாளோட எழுந்து நிப்போம்.