லயத்து வாசலில் ஒரு விளைநிலம்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



வீட்டுத் தோட்டத்துக்கு மானியம் கேட்டுச் சென்ற வருடம் ஓர் அலுவலகத்தின் படியேறினோம். அங்கிருந்தவர் கேட்ட முதற் கேள்வி, "காணி உறுதி எங்கே?" என்பதுதான். லயத்தில் பிறந்து லயத்தில் வளர்ந்த நம்மிடம் உறுதி ஏது? திரும்பினோம். அன்று கோபமே மிகுந்திருந்தது. ஆனால், பணம் தந்தால் அதைக்கொண்டு எதைக் கண்டறியப் போகிறீர்கள் என்று அவர் கேட்டிருந்தாலும் நம்மிடம் பதில் இருந்திராது.

2022ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். அரசாங்க ஊழியர் வீட்டுத் தோட்டம் செய்வதற்கென மூன்று மாதம் வெள்ளிக்கிழமை லீவுக்கு மந்திரிசபை அங்கீகாரம் அளித்தது. கம்பனித் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும், பால் வெட்டும் நம் தாய்மாருக்கு அந்த வெள்ளிக்கிழமை வரவில்லை. வந்திருந்தாலும், இஸ்தோப்பும் கானும் போக மிஞ்சும் இடம் எவ்வளவு?

இடமில்லாதோர் பயிரிடுவதை ஆராயவும் கற்பிக்கவும் பணம் தருவோர் உலகில் உண்டு. கனடாவின் அனைத்துலக அபிவிருத்தி ஆராய்ச்சி நிலையம் 1993இல் நகர்ப்புற விவசாயத்துக்கென்றே ஒரு திட்டம் தொடங்கிற்று. அமெரிக்கா 2018ஆம் ஆண்டின் விவசாயச் சட்டத்தால் இதற்கெனத் தனி அலுவலகமே அமைத்தது. அவையெல்லாம் நகரத்தாருக்கு. லயமோ நகரமுமன்று, கிராமமுமன்று. நகரத்து நெருக்கம் மட்டும் நமக்குண்டு.

ஆகவே நமது கேள்வியை நாமே எழுப்ப வேண்டும். இரத்தினபுரியில் வருடத்துக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. தக்காளி அழுகும். அந்த ஈரத்தையும் நிழலையும் விரும்புவது சிப்பிக் காளான். றப்பர் மரத்தூள் பத்துப் பங்கு, அரிசித் தவிடு ஒரு பங்கு, சிறிது சுண்ணாம்புத் தூள். பையிலடைத்து, பீப்பாயில் ஆவி பிடித்து, ஆறியபின் காளான் வித்திட்டால் மூன்று நான்கு வாரத்தில் வெள்ளையாகப் பரவும். (காளான் சைவமா என்று பெரியோர் சிலர் கேட்பார்கள். அந்த வழக்கைப் பிறகு தீர்த்துக்கொள்வோம்.) ஒன்று மட்டும்: படுக்கும் காம்பராவில் வளர்க்கலாகாது. அதன் வித்துத் தூள் நெஞ்சுக்குக் கேடு. தனிக் குடில் வேண்டும்.

ஒரு பைக்கு எத்தனை கிராம் விளைகிறது? எந்த மாதத்தில் பூஞ்சணம் பிடித்துப் பைகள் கெடுகின்றன? வேலை முடிந்து வரும் ஒரு தாயால் எத்தனை பை பார்க்க முடியும்? இவற்றை ஒரு வருடம் கொப்பியில் எழுதி வைத்தால், பெலிஹுல்ஓயாவிலுள்ள சபரகமுவப் பல்கலைக்கழக விவசாய பீடத்தாரிடம் வெறுங்கையோடு போகமாட்டோம். தேசிய ஆராய்ச்சிப் பேரவை போன்றவை மானியம் வழங்குவது பெரும்பாலும் பல்கலைக்கழக, ஆராய்ச்சி நிலைய அறிஞர்களுக்கே, சங்கங்களுக்கல்ல. அவர்கள் பெயரில் விண்ணப்பம், நம் லயத்தில் பரிசோதனை, நம் பிள்ளைகளுக்குப் பயிற்சி என்று கேட்போம். காணி உறுதிக்கான போராட்டம் வேறு, அதையும் விடமாட்டோம்.

கோயில் மடத்தின் பின்புறத்தைத் தர்மகர்த்தா ஐயா தந்திருக்கிறார். வரும் ஞாயிறு காலை மரத்தூள் சுமக்க ஆறு பேர் வேண்டும். இதுவரை பெயர் தந்தவர் இருவர்.