கிணற்றுக் கணக்கு ஜனங்களின் சொத்து

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில், நிலத்தடி நீர் அளக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் ஆற்றிய உரை)



நாங்கள் மேடைப் பேச்சாளர்கள் அல்ல. கிணறு கிணறாகச் சென்று தண்ணீரை அளந்தே காலம் கழித்தவர்கள். சாக்குக்கட்டி பூசிய இரும்பு நாடாவைக் கிணற்றில் இறக்குவோம். நனைந்த அடையாளத்தைப் பார்த்து நீர்மட்டத்தைக் குறிப்போம். பிறகு ஒரு புட்டி தண்ணீர் எடுத்து, மஞ்சள் மருந்து கலந்து, வெள்ளி நைட்ரேட்டைத் துளித்துளியாக விடுவோம். செங்கல் நிறம் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். எத்தனை துளி அதிகமோ, அத்தனை உப்பு அதிகம். இதுதான் எங்கள் உத்தியோகம்.

இதில் உங்களுக்கென்ன சம்பந்தம்? சொல்கிறோம்.

கடலோரத்தில் மண்ணுக்கடியில் நன்னீரும் கடல்நீரும் ஓயாமல் மல்லுக்கு நிற்கின்றன. கடல்நீர் கனமானது. அது ஆப்புப் போல அடியில் நுழைந்து கிடக்கிறது. மேலே நிற்கும் நன்னீரின் பாரம்தான் அதை அழுத்தி வைத்திருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி வரை நன்னீர் நிற்கும். மேலே 1 அடி குறைந்தால், காலப்போக்கில் உப்பு 40 அடி ஏறி வரும். நூறு ஆண்டுகளுக்கு முன்பே விஞ்ஞானிகள் கண்டு சொன்ன உண்மை இது. ஒரு அடியை இறைத்தவன் லாபம் பார்த்தான். நாற்பது அடியை இழந்தவன் யார்?

சென்னைக்கு வடக்கே மீஞ்சூரைப் பாருங்கள். 1966 முதல் 1969 வரை ஐக்கிய நாடுகள் உதவியுடன் அங்கே ஆய்வு நடந்தது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் ஏராளமான நிலத்தடி நீர் உண்டென்று கண்டார்கள். நகரத்துக்கும் மணலி ஆலைகளுக்கும் குழாய்க் கிணறுகள் இறைத்தன. வயல்களில் பம்புசெட்டுகளும் இறைத்தன. 1969-ல் கடலிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் வரை வந்திருந்த உப்பு, 1983-ல் 7 கிலோமீட்டருக்கு வந்தது. 1987-ல் 9 கிலோமீட்டர்! அந்த ஆண்டில்தான் சென்னைப் பெருநகர்ப் பகுதிக்கு நிலத்தடி நீர்ச் சட்டமே வந்தது. உப்பு அதோடு நிற்கவில்லை.

நூறு குடம் நல்ல தண்ணீரில் இரண்டு குடம் கடல்நீர் கலந்தாலே கரிக்கத் தொடங்கிவிடும். கிணறு கெட்டால் பணம் படைத்தவன் இன்னும் ஆழமாகத் துளை போடுவான், அல்லது நிலத்தை விற்றுவிட்டுப் பட்டணம் போவான். நிலமில்லாத கூலிக்காரன் எங்கே போவான்? நடவு நின்றால் அவனுக்கு வேலை நின்றது. குடத்தைத் தூக்கிக்கொண்டு அவன் மனைவிதான் அடுத்த ஊருக்கு நடக்கிறாள்.

ஆலை வேண்டாம் என்றா சொல்கிறோம்? இல்லை! ஆலைத் தொழிலாளியும் அந்தக் கூலிக்காரனின் அண்ணன் தம்பிதானே? ஆலைக்கு ஊற்று நீர்தான் வேண்டும் என்று யார் சொன்னது? 2019-ல் கொடுங்கையூரில் சாக்கடை நீரைச் சுத்திகரித்து, தினம் 4.5 கோடி லிட்டர் ஆலைகளுக்கு அளிக்கும் நிலையம் திறக்கப்பட்டது. இது முடியும் காரியம் என்பது நிரூபணமாகிவிட்டது. ஆனால் உப்பு ஏறிய மண்ணடி நீர் மறுபடி இனிக்கப் பல மழைக்காலங்கள் வேண்டும்.

தோழர்களே, எங்கள் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஊர்க்காரர்கள் நாக்கில் உணர்வதற்கு வெகு முன்பே எங்கள் புட்டியில் உப்பு தெரிந்தது. எழுதினோம், மேலே அனுப்பினோம், கட்டுக்குள் போயிற்று. "தண்ணீர் எப்படி இருக்கிறது, ஐயா?" என்று கிணற்றடியில் கேட்ட பெண்களிடம், "மேலே எழுதியிருக்கிறோம், அம்மா" என்று சொல்லிவிட்டு வந்தோம். சம்பளத்துக்குப் பயந்தோம். அந்தக் கணக்கு சர்க்காரின் ரகசியமல்ல. அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்களின் சொத்து. அதை அன்று நாங்கள் உணரவில்லை.

ஆகவே கேளுங்கள்! கடலோரக் கிராமம் ஒவ்வொன்றிலும், கிணற்றின் நீர்மட்டத்தையும் உப்பின் அளவையும் பஞ்சாயத்துச் சுவரில் மாதாமாதம் எழுதச் சொல்லுங்கள். கிராமசபையில் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். யார் எவ்வளவு இறைக்கிறார்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள். ஏரி குளங்களைத் தூர்வாரவும், ஆற்று மணல் கொள்ளையைத் தடுக்கவும் ஒன்றுபட்டு நில்லுங்கள். நீர் அளக்கும் நாடா எங்கள் கையில் இருந்தது. அதைப் படிக்கும் உரிமை உங்கள் கைக்கு வரவேண்டும்.

உழைப்பவர் ஒற்றுமை ஓங்குக!