குளிர்பதனத் தொழிலும் எல்லைப்புற இளைஞரும்

நெய்யாறு அரபிக் கடலோடு கலக்கும் கழிமுகத்தில் அமைந்த ஊர் பூவார். 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லைகள் திருத்தியமைக்கப்பட்டபோது விளவங்கோடு வட்டம் அன்றைய சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. பூவார் முதல் பாறசாலை வரையுள்ள எல்லைக் கிராமங்களில் தமிழும் மலையாளமும் கலந்து வழங்குகின்றன.

மீன்பிடிப்பை நம்பிய இக்கடற்கரையில் குளிர்பதனம் ஆடம்பரமன்று. பிடித்த மீன் கெடாதிருக்கப் பனிக்கட்டி வேண்டும். கழிமுகத்தை ஒட்டிய விடுதிகளுக்குக் குளிர்சாதனமும் வெந்நீரும் குழாய் இணைப்பும் வேண்டும். 2025 மே 2 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட விழிஞம் துறைமுகமும் அருகில் உள்ளது. ஆகவே, இத்தொழிலில் தேர்ந்தவருக்கு உள்ளூரிலேயே இடமுண்டு.

இதற்கான முறையான வழி யாது? பத்தாம் வகுப்பு தேறியவர்கள் தொழிற்பயிற்சி நிலையத்தில் குளிர்பதன மெக்கானிக் பயிற்சியை இரண்டு ஆண்டுகளில் முடிக்கலாம். பிளம்பர் பயிற்சிக்கு ஓராண்டு போதும். பாறசாலைக்கு அருகே தனுவச்சபுரத்தில் அரசுத் தொழிற்பயிற்சி நிலையம் உள்ளது. எந்தப் பிரிவு எங்குள்ளது என்பதைச் சேர்க்கைக்கு முன்பே விசாரித்தறிதல் நன்று. பின்னர், 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின்படி, ஒரு நிறுவனத்தில் உதவித்தொகையுடன் பழகுநராகச் சேரலாம்.

இங்கேதான் சிக்கல் எழுகிறது. 2019இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, 30 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனங்கள் பழகுநரைக் கட்டாயமாகச் சேர்க்க வேண்டும். 4 முதல் 29 பேர் வரையுள்ளவை விரும்பினால் சேர்க்கலாம். கடற்கரைப் பழுதுபார்ப்புக் கடைகளிலோ பெரும்பாலும் ஓர் ஆசானும் ஓரிரு உதவியாளருமே இருப்பர். அங்கே பல ஆண்டுகள் உழைத்தவன் கைத்திறன் பெறுகிறான். ஆனால் சான்றிதழ் பெறுவதில்லை.

சான்றிதழின்மை இருவகையில் இழப்பாகிறது. முதலாவது, வெளிநாட்டு வேலை. சவூதி அரேபியா 2022இல் இந்தியாவில் தொடங்கிய திறன் சரிபார்ப்பின் முதற்கட்டத்திலேயே பிளம்பரும் குளிர்பதனத் தொழிலாளரும் இடம்பெற்றனர். இரண்டாவது, உயிர்ப் பாதுகாப்பு. பனிக்கட்டி ஆலைகளில் பயன்படும் அம்மோனியா நச்சு வாயு. புதிய குளிர்சாதனங்களில் உள்ள ஆர்-32 மிதமாகவும், ஆர்-290 எளிதாகவும் தீப்பற்றுபவை. வாயுவை முற்றிலும் அகற்றாமல் செப்புக் குழாயில் தீயிட்டுப் பற்றவைத்தால் விபத்து நேரும். பழைய வாயுக்களுடன் பழகிய கை, பார்த்துக் கற்ற பழக்கத்தை மட்டும் நம்பி இவற்றைக் கையாளுதல் ஆகாது. 2019 மார்ச்சில் வெளியான இந்தியக் குளிர்விப்புச் செயல் திட்டம், ஒரு லட்சம் பழுதுநீக்குநருக்குப் பயிற்சியும் சான்றும் அளிக்க இலக்கு வகுத்ததன் காரணமும் இதுவே.

வேலை செய்துகொண்டே கற்றவரின் திறனைச் சோதித்துச் சான்றளிக்கும் முறை, 2015இல் தொடங்கிய பிரதமரின் கௌசல் விகாஸ் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. அதனைக் கடை வாயிலுக்குக் கொண்டுசெல்வது அதிகாரிகளின் பொறுப்பு. மீன்பிடிப் பருவத்தின் ஓய்வு நாள்களில், இரு மொழிகளிலும் விளக்கி, அருகிலுள்ள பயிற்சி நிலையத்திலேயே சோதனை நடத்துதல் பயன்தரும். ஆசான்மாரையும் அதில் சேர்ப்பது இன்றியமையாதது. அவர்கள் கற்பிப்பதே அடுத்த தலைமுறையின் பழக்கமாகும்.

மாணவர்கள் மறவாதிருக்க வேண்டியது ஒன்றுண்டு. பழகுநர் பயிற்சி நிலையான வேலைக்கு உறுதிமொழியன்று. ஆயினும், கையில் திறனும் அதற்குச் சான்றும் உள்ளவன், கூலியைப் பிறர் நிர்ணயிக்கக் காத்திருக்கும் நிலையிலிருந்து விடுபடுகிறான்.